வந்த வண்டிக்கெல்லாம் கை காட்டினேன்

மே 9, வெள்ளி

அவர் இன்று காலை விசாகப்பட்டினம் கிளம்பிப் போனார். பதினான்கு மாடிக் கட்டடத்தில் மூன்று லிப்டைப் பழுது பார்க்கும் வேலை, எட்டு நாள். 17ஆம் தேதி சாயங்காலம் வந்துவிடுவார். கல்யாணமாகி இந்த இரண்டு மாதத்தில் நானும் அவருடைய மகள் மோனிஷாவும் மட்டும் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. அவர் கம்பெனியில் கொடுத்த இந்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. பேச ஆள் இல்லாத எட்டு நாளைக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ட்ரெயினப் பத்திக் கேளு ஜோதி. அப்புறம் அவ வாய மூட முடியாது."

மதியம் கேட்டேன்.

"மோனிஷா, உனக்கு எந்த ரயிலு பிடிக்கும்?"

"ரயில்னா? எக்ஸ்பிரஸா, எலெக்ட்ரிக் ட்ரெயினா, மெட்ரோவா?"

"எதுனாலும்."

"எதுனாலும்னா அது கேள்வியே இல்ல."

உள்ளே போய்விட்டாள். பதினொரு வயது.

என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பாவிடம் பேசும்போது நான் 'அவங்க'. என்னிடமே ஏதாவது வேண்டும் என்றால் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். அவளைப் பெற்ற புவனா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நான் குறை சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

புளிக்குழம்பு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "காரம்" என்றாள். தயிர் ஊற்றிக்கொண்டாள். திண்டுக்கல்லில் இதைக் காரம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நாங்கள் இருப்பது காட்டுப்பாக்கத்தில், மூன்றாவது மாடி. எதிரே சாலையின் நடுவில் மெட்ரோ பாலம். பால்கனியும் தண்டவாளமும் ஏறக்குறைய ஒரே உயரம். சோதனை ஓட்டமாக வண்டிகள் காலியாகப் போய்வருகின்றன. மோனிஷா பழைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியும் போகும் நேரத்தை நோட்டில் எழுதுகிறாள். விடுமுறை நாள் முழுக்க இதே வேலை. 18ஆம் தேதியிலிருந்து பொதுமக்களை ஏற்றப்போகிறார்களாம். முதல் நாளே கூட்டிப்போவதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு ரயில் என்றால் நினைவுக்கு வருவது ஒரே பயணம்தான். முதல் கல்யாணம் செய்துகொண்டு போன வீட்டில் ஏழு வருடம் பார்த்துவிட்டு, குழந்தை இல்லை என்று ஏற்றி அனுப்பினார்களே, அந்த வண்டி. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

வீட்டை ஒழித்தேன். கட்டிலுக்கடியில் ஒரே பேப்பர் குப்பை. பழைய பேப்பர்காரர் வண்டி கீழே நின்றது. எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தேன். ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியிலும் கிழிந்த பேப்பர்தான் இருந்தது. அதையும் கொடுத்தேன்.

மோனிஷா கீழே விளையாடிவிட்டு வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"அந்தப் பெட்டி எங்க?"

"பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன்மா. பழசுதானேன்னு…"

"மெட்ரோ பத்தி வந்த நியூஸ் எல்லாம் அம்மா வெட்டி வெச்சது. ஒவ்வொண்ணுலயும் தேதி எழுதியிருப்பாங்க."

கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பாக்கியம் அக்கா வந்து கூப்பிட்டும் திறக்கவில்லை.

"புவனா ஆறு மாசம் எங்கயும் போவ முடியாம அந்த பால்கனிலயே கெடந்துச்சு," என்றார் அக்கா. "புள்ளையும் அதுவும் பேப்பர வெட்டினு, மெட்ரோ தூணு எண்ணினு இருக்குங்க. உனக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 14, புதன்

ஒரு வேலையாக வெளியே போய்வந்தேன். முதுகு வலிக்கிறது. நகத்தில் மை போகமாட்டேன் என்கிறது.

மே 15, வியாழன்

பெட்டியைக் கட்டிலுக்கடியில் பழைய இடத்திலேயே வைத்திருந்தேன். காலையில் அவளே பார்த்துவிட்டாள். தரையில் பரப்பி எண்ணினாள். நான் அடுப்படியில் ஒரே தேங்காய் மூடியைத் துருவிக்கொண்டிருந்தேன்.

வந்து பக்கத்தில் நின்றாள். திரும்பினேன்.

"நாப்பத்தி மூணு இருந்துச்சு. நாப்பத்தி ஒண்ணுதான் இருக்கு."

"பேப்பர்காரர் கெடங்குல அவ்வளவுதான்மா கெடச்சது. ரெண்டு மூட்டையை அதுக்கு முன்னாடியே ஏத்தி விட்டுட்டாங்களாம்."

"எல்லா மூட்டையும் பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்."

என் கையைப் பார்த்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் அப்பா நகத்து அழுக்கு போகத் தேய்க்கும் மஞ்சள் சோப்பு குழாயடியில் இருந்தது. நான் வைக்கவில்லை.

மே 17, சனி

அவர் வரவில்லை. இயந்திரத்துக்கு வரவேண்டிய பாகம் வரவில்லையாம். அடுத்த சனிக்கிழமைதான். போனை மோனிஷாவிடம் கொடுக்கச் சொன்னார். அவள் "ஓகேப்பா", "ஓகேப்பா", "ஓகேப்பா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பால்கனிக்குப் போய் நோட்டைத் திறந்தாள். ஒன்றும் எழுதவில்லை. வண்டி போயிற்று. அதையும் எழுதவில்லை.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். நீ சொல்லிக் குடு."

யோசித்தாள். பிறகு விரல்விட்டுச் சொன்னாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்கக் கூடாது. முதலில் பூந்தமல்லி போய்விட வேண்டும், அங்கேதான் வண்டி புறப்படும். முன்கண்ணாடி ஓரம் கிடைக்கும்வரை எத்தனை வண்டி போனாலும் விட வேண்டும். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது.

கடைசியில், "சேலை கட்டாதீங்க. நகரும் படிக்கட்டுல மாட்டிக்கும்," என்றாள்.

சுடிதாரைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

மே 18, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும்.

காலையில் நான் எழுந்து வந்தபோது ஷூ லேஸ் கட்டி, தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். காட்டுப்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். கூட்டம் திருவிழா மாதிரி. வேட்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் வண்டி வந்து நின்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதுல டிரைவர் கெடையாது," என்றாள் மோனிஷா.

"ஆளே இல்லாம எப்பிடிடி ஓடும்?"

'டி' வந்துவிட்டது. எங்கள் ஊர் வாய். அவள் முகத்தைப் பார்த்தேன். கவனித்த மாதிரி இல்லை. "சிக்னல்ல கம்ப்யூட்டர் சொல்லும், அது கேக்கும்," என்று விளக்க ஆரம்பித்துவிட்டாள். பூந்தமல்லி வரும்வரை நிறுத்தவில்லை. கதவு எப்படிப் பூட்டும், மின்சாரம் எங்கேயிருந்து வரும், வளைவில் சக்கரம் ஏன் கத்தும். பாதி புரிந்தது. அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவளுடைய முன்பல்லில் ஒன்று லேசாகக் கோணல். அதுவும் இன்றுதான் தெரிந்தது.

பூந்தமல்லியில் மூன்று வண்டிகளை விட்டோம். நான்காவதில் முதல் ஆளாக ஏறியும், எங்களை இடித்துக்கொண்டு ஓடிய ஒரு இளைஞன் முன்கண்ணாடியை முழுக்க அடைத்துக்கொண்டான். குச்சியில் செல்போனை மாட்டித் தன் முகத்தையே படம் எடுத்தான். மெட்ரோ ஊழியர் ஒருவர் ஓரமாக நின்றார். ஓட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். மோனிஷா அந்தப் பையனின் முழங்கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"தம்பி, புள்ள மூணு வண்டிய விட்டுட்டு நிக்கிது. கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்றேன்.

"நானும் டிக்கெட் எடுத்துதான் வந்துருக்கேன்."

"கண்ணாடிக்கும் சேத்து எடுத்தியா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது இல்லை. பையன் நகர்ந்தான். "சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன்ல," என்று மோனிஷா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஆனால் அதற்குள் கண்ணாடியில் மூக்கை வைத்துவிட்டாள்.

தண்டவாளம் எங்களுக்குக் கீழே ஓடி வந்தது. பேருந்துகளின் கூரை, மாடித் தொட்டிகள், துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர். காட்டுப்பாக்கம் தாண்டியது. இடது பக்கம் எங்கள் வீடு வந்தது. நான் உலர்த்திய சேலை, பிரம்பு நாற்காலி. மூன்று எண்ணுவதற்குள் போய்விட்டது.

மோனிஷா முன்கண்ணாடியை விட்டுவிட்டுப் பக்கத்துக் கண்ணாடிக்குத் திரும்பி நின்றாள். போரூர் வரை முன்பக்கம் திரும்பவே இல்லை. அங்கே இறங்கியதும் நடைமேடையில் சொன்னாள்.

"அம்மாவால படி எறங்க முடியாது. அதனால நீ ட்ரெயின்ல போ, நான் பால்கனில நின்னு கை காட்டுறேன்னு சொன்னாங்க. ட்ரெயின் வர்ற வரைக்கும் இருப்பேன்னு சொன்னாங்க."

நழுவியிருந்த பையின் வாரை அவள் தோளில் ஏற்றிவிட்டேன்.

வண்டி ஏறித் திரும்பினோம். ஐயப்பன்தாங்கல் வந்தபோது என் சுடிதார் ஓரத்தைப் பிடித்தாள்.

"நீங்க காட்டுப்பாக்கத்துல எறங்கி வீட்டுக்குப் போறீங்களா?"

"நீ?"

"நான் பூந்தமல்லி போயி திரும்ப வரேன். முன்னாடி எடம் கெடச்சப்புறம். வீட்டத் தாண்டுனதும் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, எதிர் வண்டி ஏறி வந்துடுவேன். எனக்கு எல்லாம் தெரியும்."

தெரியும்தான். ஆனால் பதினொரு வயதுப் பெண். முதல் நாள் கூட்டம். ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பெற்றவளாக இருந்தால் விட்டிருப்பாளா என்று சொல்லும். பெற்றவளாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. காட்டுப்பாக்கம் வந்துவிட்டது. கதவு திறந்தது. என் செல்போனை அவள் கையில் வைத்து அழுத்திவிட்டு இறங்கினேன். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் எதையோ சொன்னது. கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். உலர்ந்த சேலையை உருவி உள்ளே போட்டேன், மறைக்கக் கூடாது என்று. நாற்காலியை நகர்த்தினேன். அதில் உட்காரவில்லை.

எந்த வண்டியில் வருவாள் என்று தெரியாது. எத்தனை வண்டியை விடுவாளோ. கேட்கலாம் என்றால் போன் அவளிடம். வெயில் ஏறிக் கண்ணாடி பளபளத்தது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆகவே வந்த வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். முதல் வண்டிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. யார் யாரோ திரும்பிக் கை காட்டினார்கள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது வண்டிக்கு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

கதவை யாரோ இடித்தார்கள். பாக்கியம் அக்கா.

"இன்னாம்மா பண்ற நீ? உன் வூட்டுக்காரன் தயாளன் எனக்குப் போன் பண்றான். உன் நம்பருக்குப் போட்டா புள்ள எடுக்குதாம், தனியா ட்ரெயின்ல இருக்கேங்குதாம். புள்ளைய உட்டுட்டு வந்து இங்க நின்னு கை ஆட்டினுகீற?"

"வந்துருவாக்கா."

"வரலன்னா?"

ஆறாவது வண்டி வந்தது. அக்காவின் முன்னாலேயே கை காட்டினேன்.

அதற்கப்புறம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். படியில் நின்றேனா தெருவில் நின்றேனா என்று நினைவில்லை. கால் செருப்பு இல்லாமல் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மோனிஷா தெருமுனையில் திரும்பினாள். ஓடவில்லை, பையை ஒழுங்காக மாட்டிக்கொண்டு ஓரமாக நடந்து வந்தாள்.

"பாத்தியா? தெரிஞ்சதா?"

"அஞ்சாவது வண்டில இருந்தேன். ரெண்டு கையும் ஆட்டுனீங்க," என்றாள். "ஒரு கை போதும்."

பிறகு என் இடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். தெருவில் போனவர்கள் நான் அடித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

மே 19, திங்கள்

நேற்றே போனில் அவர் கத்தியிருந்தார். இன்று கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "உன்ன நம்பித்தான் விட்டுட்டு வந்தேன் ஜோதி. அவளோட அம்மா இருந்திருந்தா இப்பிடிச் செய்வாளா?"

கத்தியதே தேவலை.

இட்லிக்கு ஊறப் போட்டேன்.

மே 20, செவ்வாய்

மோனிஷா அவரிடம் என் போனிலிருந்து பேசியிருக்கிறாள். நான் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வரும்போது காதில் விழுந்தது. "நான்தாம்ப்பா போகச் சொன்னேன். அவங்க எல்லா வண்டிக்கும் கை காட்டிருக்காங்கப்பா. எல்லா வண்டிக்கும்."

சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது ஜோதி. பயத்துல வந்துடுச்சு. புவனா கை காட்டுறேன்னு சொன்னது எனக்கே தெரியாது. இன்னைக்கு வரைக்கும் மோனிஷா எங்கிட்ட சொன்னதே இல்ல."

பரவாயில்லைங்க என்றேன். பரவாயில்லாமல் இல்லை. அவர் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் அந்த வார்த்தை முதலில் வந்து நிற்கும். ஏழு வருடம் அப்படி ஒரு வார்த்தையோடு இருந்து பார்த்தாகிவிட்டது.

மே 21, புதன்

காலையில் திண்டுக்கல்லுக்கு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"வெள்ளிக்கிழமை அங்க வரலாம்னு இருக்கேண்ணே. மறுநாள் அவரு வந்துருவாரு. அதுவரைக்கும் மோனிஷாவ எதிர்வீட்டு அக்கா பாத்துக்கிருவாங்க."

"எத்தன நாளும்மா?"

"தெரியலண்ணே."

"சரி, வா. அண்ணிகிட்டச் சொல்லிட்டுக் கூப்புடுறேன்," என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மோனிஷா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"எந்த ட்ரெயின்ல போறீங்க?"

"பஸ்ல போயிருவேன்மா."

"பஸ்ஸா?" கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி பார்த்தாள். "திண்டுக்கல் எவ்ளோ பெரிய ஜங்ஷன் தெரியுமா? திருச்சி, மதுரை, கரூர், பழனி, நாலு பக்கமும் லைன் போவுது. அந்த ஊர்லயே பொறந்துட்டு பஸ்ல போறேன்றீங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"நானும் பாத்தது இல்ல. மேப்ல மட்டுந்தான்." சுவரைச் சுரண்டினாள். "லீவு இன்னும் பத்து நாள் இருக்கு."

அடுப்பைத் தணித்து வைத்தேன்.

"ரிட்டர்ன் என்னைக்கு?" என்றாள்.

"இன்னும் முடிவு பண்ணல."

"ரிட்டர்ன் முடிவு பண்ணாம யாராவது கெளம்புவாங்களா?"

அந்தக் கேள்வியை முப்பத்தைந்து வயதில் முதல்முறை கேட்கிறேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோட்டை எடுத்துவந்து அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் வைகை, எழும்பூரிலிருந்து, இரண்டு பேர். அப்பா விசாகப்பட்டினத்திலிருந்து சென்னை வந்து, சனிக்கிழமையே வண்டி மாறித் திண்டுக்கல் வந்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை மூன்று பேரும் திரும்ப வேண்டும். இடம் கிடைக்கவில்லை என்றால் முன்பதிவில்லாத பெட்டி, அதற்கு எத்தனை மணிக்குப் போய் நிற்பது என்றும் எழுதினாள். அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் படித்துக் காட்டி, "லேட் பண்ணாதீங்கப்பா," என்று சொல்லி வைத்தாள்.

அவர் உடனே திருப்பி என்னைக் கூப்பிட்டார். "நானும் வரலாமா ஜோதி?" என்று கேட்டார். அவர் என்னிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

"வாங்க," என்றேன். "பேசுறதுக்கும் கொஞ்சம் இருக்கு."

"பேசலாம்," என்றார்.

மதியம் அண்ணன் கூப்பிட்டார். எத்தனை நாள் என்று அண்ணி கேட்கிறாளாம். மோனிஷாவின் நோட்டைப் பார்த்தேன்.

"நாலு நாள்ணே. செவ்வாய்க்கிழமை காலைல திரும்புறோம்."

"றோம்னா யாரும்மா?"

"மூணு பேரும்."

அண்ணன் சிரித்தார். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்து நிற்பதாகச் சொன்னார். நான் அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். தரையில் உட்கார்ந்திருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டினாள்.

"உடனே வர வேணாம்னு சொல்லுங்க. ஜங்ஷன்ல நமக்கு ரெண்டு மணி நேரம் வேலை இருக்கு."

அண்ணனிடம் அப்படியே சொன்னேன்.